பொத்தான் எங்கே என்பதா கேள்வி?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-இல் மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. மலேசியாவின் தஞ்சோங் ரம்புத்தான் போன்ற ஊர்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. லினக்ஸ் போட்டால் அவை இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். போட்டுத் தரப்போகிறவர்கள் எஸ்.பி.எம். முடித்து ஈப்போவில் கணினி படிக்கும் நம் பிள்ளைகள். வரைகலைத் திரையைப் பற்றி அவர்களுடைய தேர்வு என்ன கேட்கிறது என்பது அதனால்தான் முக்கியமாகிறது.

உலகெங்கும் எழுதப்படும் எல்பிஐசி-1 என்ற லினக்ஸ் சான்றிதழ்த் தேர்வையே பாருங்கள். அதன் இரண்டாம் தாளில் 90 நிமிடத்துக்கு 60 கேள்விகள். 2018 அக்டோபரில் வந்த 5.0 பாடத்திட்டப்படி வரைகலைத் திரைக்கு அடிப்படையான எக்ஸ்11-க்கு மதிப்பு 2, டெஸ்க்டாப்புக்கு 1, மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகளுக்கு 1. முந்தைய பதிப்பு நுழைவுத் திரையை அமைக்கத் தெரியுமா என்று கேட்டது. புதியதற்கு கேடிஈ, க்னோம், எக்ஸ்எஃப்சிஈ என்ற டெஸ்க்டாப்களின் பெயர்களும் தொலைவிலிருந்து திரையை அணுகும் நெறிமுறைகளும் தெரிந்தால் போதும்.

பெயரை மனப்பாடம் செய்வதில் என்ன பயன்? பொத்தான்களின் இடத்தைக் கேட்பதும் வீண். 2017 அக்டோபரில் உபுண்டு லினக்ஸ், யூனிட்டி முகப்பை விட்டு க்னோமுக்கு மாறியபோது அப்படிப் படித்த பாடம் ஒரே நாளில் பழசாகிவிட்டது.

நான் கேட்க விரும்பும் கேள்வி வேறு. கடவுச்சொல் சரி; ஆனாலும் திரை ஒருமுறை கறுத்து, மறுபடி நுழைவுத் திரைக்கே வந்து நிற்கிறது. என்ன செய்வாய்? பதற்றத்தில் பலர் லினக்ஸை முதலிலிருந்து ஏற்றுவார்கள். வீட்டார் சேர்த்து வைத்த படங்கள் போய்விடும். விவரம் தெரிந்த பிள்ளை கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளைச் சேர்த்து அழுத்தி, எழுத்துத் திரையில் நுழைந்து, வட்டில் இடம் இருக்கிறதா என்று பார்க்கும். வட்டு நிரம்பிவிட்டால் டெஸ்க்டாப் தனக்கு வேண்டிய சிறு கோப்பைக்கூட எழுத முடியாமல் திரும்பிவிடும். வேண்டாததை அழித்தால் திறந்துகொள்ளும். நுழைவுத் திரை, பயனர் அமர்வு, வட்டு என எல்லாம் இந்த ஒரு கேள்வியில் அடங்கிவிடுகிறது.

தமிழ் விசைப்பலகையைச் சேர்ப்பதும் தேர்வில் வரவேண்டும். முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் மென்பொருளில் பழகியவர் கணினியைத் திறந்ததும் முதலில் தேடுவது அதைத்தான். பார்வை மங்கிய பெரியவருக்குத் திரை உருப்பெருக்கி, கை நடுங்குபவருக்கு ஒவ்வொன்றாக அழுத்தும் விசைகள், பார்வையற்றவருக்கு ஓர்கா திரைவாசிப்பான் எல்லாம் டெஸ்க்டாப்பிலேயே இருக்கின்றன. இந்த வசதிகளுக்கு 1 மதிப்பு என்பது மிகக் குறைவு. பெயர்ப் பட்டியலுக்குத் தரும் 1-ஐயும் இங்கே சேர்த்துவிடலாம்.