லான்ச் முடிஞ்சுது... அப்புறம்?

ஃபைனல் இயர்ல நாலு ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து ஒரு கம்பெனி ஆரம்பிக்கிறீங்க. பேப்பர்ல போட்டோவோட செய்தி. ஹாஸ்டல் முழுக்க நீங்கதான் ஹீரோ! அடுத்த வாரம்? போன் அடிக்கவே மாட்டேங்குது. 'அவ்வளவுதானா பாஸ்?'னு துவண்டுடாதீங்க. ஏர்பிஎன்பி கதையும் இப்படித்தான்.

2007 அக்டோபர். சான் ஃப்ரான்சிஸ்கோவில் பிரையன் செஸ்கி, ஜோ கெபியா ரெண்டு பேருக்கும் வீட்டு வாடகை கொடுக்கவே திண்டாட்டம். ஊரில் ஒரு டிசைன் மாநாடு, ஹோட்டல் எல்லாம் ஃபுல். ஹாலில் காற்று மெத்தை போட்டு மூணு பேரைத் தங்க வெச்சாங்க. பிசினஸ் பிறந்தது!

2008 ஆகஸ்ட்டில் டென்வரில் ஒபாமாவின் கட்சி மாநாடு. அங்கேயும் ரூம் தட்டுப்பாடு. முதல்ல சின்னச் சின்ன பிளாக் எழுதுறவங்களைப் பிடிச்சாங்க. அதைப் பார்த்து உள்ளூர் மீடியா, அப்புறம் பெரிய மீடியா. புக்கிங் வந்தது. மாநாடு முடிஞ்சதும் புக்கிங்கும் காலி!

விட்டாங்களா? தேர்தல் ஜுரத்தையே பிடிச்சுக்கிட்டாங்க. ஒபாமா, மெக்கெய்ன் பேர்ல சீரியல் டப்பா, விலை 40 டாலர். அட்டையை அவங்களே மடிச்சு ஒட்டினாங்க. சுமார் 30 ஆயிரம் டாலர் தேறுச்சு, மீடியாவும் மறுபடி திரும்பிப் பார்த்தது. ஆனா, வெப்சைட்ல புக்கிங் ஏறலை!

2009-ல் ஒய் காம்பினேட்டரின் பால் கிரஹாம், 'உங்க கஸ்டமர் இருக்கிற நியூயார்க்குக்குப் போங்க'ன்னு விரட்டினார். போய்ப் பார்த்தா, வீட்டு போட்டோக்கள் படு மோசம். இவங்களே நல்ல போட்டோ எடுத்துக் கொடுத்தாங்க. வாரம் 200 டாலரா இருந்த வருமானம் 400 ஆச்சு. 2020 டிசம்பர்ல கம்பெனி ஷேர் மார்க்கெட்டுக்கே வந்துடுச்சு.

இதுல உங்களுக்கு என்ன இருக்கு?

* 'நாங்க இருக்கோம்'கிறது ஒரு தடவைதான் செய்தி. அடுத்து, உங்களால யாருக்கு என்ன மாறுச்சுன்னு சொல்லுங்க. கஸ்டமர் கதைதான் எப்பவும் புதுசு.

* ஊரே எதைப் பேசுதோ, அதோட உங்க வேலைக்கு உண்மையான தொடர்பு இருந்தா உடனே நுழைஞ்சிடுங்க. இழுத்துப் பிடிச்சு ஒட்டவெச்சா பல்லிளிச்சிடும்.

* உங்களைப் பத்தி எழுதின நிருபரைக் காரியம் ஆகணும்னா மட்டும் கூப்பிடாதீங்க. அவர் ஒரு தகவல் கேட்டா, அன்னிக்கே பதில் சொல்லுங்க.

* ஒவ்வொரு செய்திக்கும் எத்தனை பேர் வந்தாங்க, ஒரு மாசம் கழிச்சு எத்தனை பேர் மிச்சம்னு குறிச்சு வைங்க. ரெண்டாவது நம்பர்தான் நிஜம்.

பேப்பர் கட்டிங்கை லேமினேட் பண்ணி மாட்டுங்க, தப்பே இல்லை. ஆனா, அதைப் படிச்சுட்டு வந்த முதல் கஸ்டமருக்கு ஒரு போன் போட்டீங்களா?