பாம்புக்குக் கீழ என்ன விரிக்கிறது?

போன எபிசோடு கேட்டவங்களுக்கு முறுக்கைத் தெரியும். டெக்சஸ்ல என் அபார்ட்மென்ட்ல நாலு வருஷமா இருக்கிற பால் பைதான். சுருண்டு உட்கார்ந்தா அப்படியே கைமுறுக்கு, அதான் அந்தப் பேரு. "கண்ணாடித் தொட்டிக்குள்ள கீழ என்ன போடுவீங்க?"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. இந்தப் பாடத்துல நான் ஒரு அரியர் வச்சவன்.

முதல் குளிர்காலத்துல ஆஸ்பென் மரச்சீவல் போட்டேன். கடையில அதைத்தான் சொன்னாங்க. தூசி கம்மி, பார்க்கவும் அழகு. வீட்ல ஹீட்டர் ராத்திரி பகலா ஓடிட்டிருந்துச்சு. அப்போதான் முறுக்கு சட்டை உரிச்சான். பாம்புச் சட்டை, சாக்ஸைக் கழட்டுற மாதிரி ஒரே துண்டா வரணும். எனக்குக் கிடைச்சது கிழிஞ்ச பாலிதீன் பை மாதிரி இருபது துண்டு. வலது கண் மேல மங்கலா ஒரு படலம் அப்படியே ஒட்டியிருந்துச்சு. பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடியிருக்கிற கண்ணாடி மாதிரியான செதிலும் சட்டையோட சேர்ந்து உரியணும். நாமளா பிடுங்கினா கண்ணே போயிடும். டாக்டரும் கை வைக்கல. ஈரத்தை ஏத்திட்டு அடுத்த உரிப்பு வரைக்கும் காத்திருங்கன்னார்.

தப்பு படுக்கையிலதான். பால் பைதானோட ஊர் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கா. பகல்ல எலி வளையிலயும் கறையான் புத்துலயும் பதுங்கிக் கிடக்கும். வெளியே காஞ்சிருந்தாலும் வளைக்குள்ள ஈரப்பதம் நிக்கும். தொட்டிக்குள்ள 60 முதல் 80 சதவீதம் வேணும். ஆஸ்பென்ல தண்ணி ஊத்தினா பூசணம் பிடிச்சிடும். அதே ஆஸ்பென் கார்ன் ஸ்னேக்குக்கு அருமை, சுரங்கம் போட்டு விளையாடும். அதனால பாம்பு எந்த ஊர்னு முதல்ல பாருங்க, பாக்கெட்டை அப்புறம் எடுக்கலாம்.

இப்போ நான் போடுறது தேங்காய் நார்த்தூள். செங்கல் மாதிரி கட்டியா வரும், தண்ணியில போட்டா பக்கெட் நிறைய உப்பும். கவர்ல 'இலங்கைத் தயாரிப்பு'ன்னு இருந்துச்சு. பொள்ளாச்சிப் பக்கம் மலையா குவிஞ்சு கிடக்கிற சமாச்சாரத்தை டாலர் குடுத்து வாங்குறேன்னு அம்மாகிட்ட இன்னும் சொல்லல.

கைப்பிடி அள்ளிப் பிழிஞ்சா சொட்டக் கூடாது. அந்தப் பதத்துல ஏழெட்டு சென்டிமீட்டர் பரப்புங்க. மேல ஸ்ப்ரே அடிக்காம, மூலையில மெதுவா தண்ணி ஊத்துங்க. அடி ஈரமா, மேல் காஞ்சு இருக்கணும். வயிறு எப்பவும் நனைஞ்சே கிடந்தா செதில் அழுகும். ஒரு டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் வச்சிடுங்க, கண்ணளவை நம்பாதீங்க.

செடார் மரச்சீவல் வேண்டவே வேண்டாம். நமக்குப் பிடிக்கிற அந்த வாசனை எண்ணெய்தான் பாம்போட மூச்சைக் கெடுக்கும். புதுசா வந்த பாம்புக்கு முதல் சில வாரம் வெறும் பேப்பர் டவல் போதும். உண்ணி இருந்தா கறுப்புப் புள்ளியா அதுல தெரிஞ்சிடும்.

இந்தியாவுல இருந்து கேட்கிறவங்களுக்கு ஒண்ணு: நம்ம ஊர் பாம்பைப் பிடிச்சு வளர்க்கிறது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

முறுக்கோட அடுத்த சட்டை ஒரே துண்டா வந்துச்சு, அந்தக் கண் படலத்தோட சேர்ந்து. ஃப்ரேம் போட்டு மானிட்டருக்கு மேல மாட்டியிருக்கேன். அடுத்த எபிசோடு, ஃப்ரீசர்ல எலி இருக்குன்னு ரூம்மேட்கிட்ட எப்படிச் சொல்றது.