குடும்பப் படத்துக்கு என்ன உடுத்துவது?

தீபாவளியோ, கோடை விடுமுறையோ, வீட்டில் ஒரு நிச்சயதார்த்தமோ வந்துவிட்டால் மும்பையில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு ஓர் ஆசை பிறந்துவிடும். எல்லோரும் சேர்ந்து ஒரு போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்ப வேண்டும் என்பதுதான் அந்த ஆசை. கைபேசியில் தினமும் படம் எடுக்கிறோம். ஆனாலும் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டும் படத்துக்கு ஸ்டூடியோவைத்தான் தேடிப் போகிறோம்.

படம் எடுக்கச் சில நிமிடங்கள் போதும். என்ன உடுத்துவது என்று முடிவு செய்யத்தான் ஒரு வாரம் ஆகிறது!

எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். எல்லோரும் ஒரே நிறத்தில் உடுத்திப் படம் எடுப்பது இப்போதைய வழக்கம். என் மனைவி கருநீலத்தைத் தேர்ந்தெடுத்தாள். எனக்கும் மகனுக்கும் சட்டை, அவளுக்கும் என் அம்மாவுக்கும் சேலை, எல்லாம் வந்து சேர்ந்தன. அம்மா சேலையைத் தடவிப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிட்டார்.

"நான் என் சுங்குடியையே கட்டிக்கிறேன்."

"அத்தே, படத்தில் நீங்கள் மட்டும் தனியாகத் தெரிவீர்கள்" என்றாள் மனைவி. அம்மா பதில் சொல்லவில்லை. சுவரில் இருந்த அப்பா படத்தைக் காட்டினார்.

இரவல் கோட்டு

அந்தப் படத்துக்கு ஒரு கதை உண்டு. 1985-ம் ஆண்டு. நான் பிறக்கவில்லை. அப்பா துறைமுகத்தில் மூட்டை சுமந்துகொண்டிருந்தார். அண்ணனையும் அக்காவையும் அழைத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனார்கள். அங்கே தொங்கிய கோட்டை அப்பாவுக்கு மாட்டிவிட்டார்கள். தொளதொளவென்று இருந்ததால் முதுகுப் பக்கம் கிளிப் போட்டு இழுத்துவிட்டார்களாம். அம்மா கட்டியிருந்தது பக்கத்து வீட்டில் வாங்கிய அரக்குப் பட்டு, பச்சைக் கரை. கறுப்பு வெள்ளைப் படத்தில் அரக்கும் பச்சையும் ஒரே சாம்பலாகி, கரை இருந்த இடமே தெரியவில்லை.

திருநெல்வேலிப் பக்கம் கிராமத்தில் இருந்த பாட்டி படத்தை நெடுநேரம் பார்த்தாராம். "பிள்ளைகள் நல்லா இருக்கு. பக்கத்துல நிக்கிற துரை யாரு?" என்று கேட்டாராம்.

இன்று அப்பா இல்லை. மாலை போட்டிருக்கும் படம் அதிலிருந்து பெரிதாக்கியதுதான். வேறு நல்ல படம் கிடைக்கவில்லை. வாழ்நாளில் ஒரு கோட்டு கூட வாங்காத மனிதர், எங்கள் சுவரில் கோட்டோடுதான் இருக்கிறார்.

சில யோசனைகள்

கருநீலச் சேலையைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டோம். ஸ்டூடியோக்காரரிடம் கேட்டதையும் நாங்கள் கண்டதையும் கூறுகிறேன்.

வீட்டில் மூத்தவர் எதை விரும்பி உடுத்துகிறாரோ, அதை முதலில் முடிவு செய்யுங்கள். மற்றவர்கள் அதற்கு ஒத்துப்போகும் நிறத்தை எடுக்கலாம். ஒரே நிறம் தேவையில்லை. அம்மாவின் சுங்குடி கத்தரிப்பூ நிறம்; நாங்கள் சந்தன நிறத்தில் உடுத்தினோம்.

மிக நெருக்கமான கோடும் பொடிக் கட்டமும் வேண்டாம். இன்றைய டிஜிட்டல் கேமராவில் அவை சில சமயம் நீரலைபோல் நெளிந்து தெரியும். வெள்ளை வேட்டி, சட்டை உடுத்துவதானால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விளக்கு வெளிச்சம் கூடினால் மடிப்புத் தெரியாமல் வெள்ளை வெறும் வெளிச்சமாகிவிடும். அகலச் சரிகையும் அப்படியே பளீரிடும்.

குழந்தைகளுக்குப் புதுத் துணியை ஒரு முறை துவைத்துப் போடுங்கள். கழுத்தில் உறுத்தினால் அந்த முகச்சுளிப்பும் படத்தில் விழும்.

முக்கியமாக, இரவல் வேண்டாம். பழையதானாலும் துவைத்து இஸ்திரி போட்ட சொந்தத் துணி போதும்.

ஊருக்குப் போன நண்பர் ஒருவரிடம், நாகர்கோவில் எக்ஸ்பிரசில், படத்தைக் கொடுத்து அனுப்பினேன். நான்காம் நாள் பெரியம்மா போனில் அழைத்தார்.

"என் தங்கச்சி அப்படியே இருக்காடா" என்றார்.

அம்மாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் அப்பா படத்தைத் துடைக்கப் போய்விட்டார்.