இடக்கைக்கு பேஸ், வலக்கைக்கு பியானோ

ஒரே கீபோர்டில் இடக்கை பேஸ் கிட்டாரும் வலக்கை பியானோவும் வாசிக்கலாம். கட்டைகளை ஓரிடத்தில் இரண்டாகப் பிரித்து, பாதிக்கு ஒரு டோன் கொடுப்பதுதான் ‘ஸ்ப்ளிட்’. மேடையில் ஒரு பொத்தானோடு வேலை முடிந்துவிடும். கணினியில் பதிவு செய்யும்போதுதான் குழப்பம். பேஸுக்கும் பியானோவுக்கும் வைத்த இரண்டு ட்ராக்கிலும் எல்லா ஸ்வரங்களும் விழுந்து, பியானோவோடு பேஸும் சேர்ந்து முழங்கும்.

காரணம் எளியது: கீபோர்டும் கணினியும் பேசிக்கொள்ளும் முறையான ‘மிடி’க்குக் கைகள் தெரியாது, எண்கள்தான் தெரியும். அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் ஜப்பானின் இகுதாரோ ககேஹாஷியும் முன்னின்று உருவாக்கி, 1983-இல் உலகுக்கு வந்த முறை இது. கட்டையை அழுத்தியதும் கீபோர்டிலிருந்து மூன்று பைட் செய்தி கிளம்புகிறது. எந்த சேனல், எந்த ஸ்வரம், எவ்வளவு வேகத்தில் அழுத்தினோம் என்பவை அதில் இருக்கும். சேனல்கள் 16. ஸ்வரங்களுக்கு 0 முதல் 127 வரை எண்கள். பியானோவின் நடு ‘ஸி’ 60.

ஆகவே இரண்டு வழிகள் உண்டு. கீபோர்டே இரு பாதிகளையும் வெவ்வேறு சேனலில் அனுப்பினால், ஒவ்வொரு ட்ராக்கும் தன் சேனலை மட்டும் கேட்கும்படி அமைத்தால் போதும். எல்லாம் ஒரே சேனலில் வந்தால், மென்பொருள் எண்ணைப் பார்த்துப் பிரிக்க வேண்டும்: 59 வரை பேஸுக்கு, 60 முதல் பியானோவுக்கு. க்யூபேஸ் மென்பொருளின் ‘இன்புட் டிரான்ஸ்ஃபார்மர்’ பதிவாகும் முன்பே இப்படி வடிகட்டிவிடும். ஏபிள்டன் லைவின் ‘இன்ஸ்ட்ருமென்ட் ரேக்’கிலோ எல்லா ஸ்வரங்களும் பதிவாகும், ஒலிக்கும்போதுதான் பிரியும்.

கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, 60-ஆம் எண்ணை யமஹா ‘ஸி3’ என்கிறது. வேறு பலர் ‘ஸி4’ என்கிறார்கள். பெயரை நம்பிப் பிரித்தால் ஓர் ஆக்டேவ் தள்ளிப்போகும், எண்ணைப் பாருங்கள்.

இரண்டாவது, 61 கட்டை கீபோர்டு வழக்கமாக 36-இல் தொடங்கும். பேஸ் கிட்டாரின் கடைசித் தந்தியோ 28. எனவே பேஸை ஓர் ஆக்டேவ் இறக்க வேண்டும். ஆனால் முதலில் வடிகட்டி, பிறகு இறக்குங்கள். வரிசை மாறினால், வலக்கை வாசிக்கும் 60 முதல் 71 வரையிலான ஸ்வரங்கள் 48 முதல் 59 ஆகி பேஸுக்குள் நுழைந்துவிடும்.

மூன்றாவது, சஸ்டெயின் பெடல். அதன் செய்தியில் கன்ட்ரோலர் எண் 64 இருக்கும்; ஸ்வர எண் இருக்காது. அதனால் ஸ்வரங்களைப் பிரிக்கும் வடிகட்டி அதைத் தடுக்காது. பியானோவுக்காக மிதித்த பெடல் பேஸையும் இழுத்துப் பிடித்து, தாளத்தின் அழுத்தத்தையே குலைக்கும். பேஸ் ட்ராக்கில் 64-ஐத் தனியே தடுத்துவிடுங்கள்.

வாசிக்கும் வேகத்தில் இடக்கை எல்லை தாண்டுவதும் உண்டு. முன்பே வடிகட்டினால் அந்த ஸ்வரம் பியானோ ட்ராக்கில்தான் போய் விழும். எனவே முழு வாசிப்பையும் முதலில் ஒரே ட்ராக்கில் பதிவு செய்யுங்கள். அதன் நகல்களில் பிரித்துக்கொள்ளுங்கள், மூலத்தைத் தொடாதீர்கள். பிரிக்கும் எல்லையை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். மனம் ஒன்றி வாசித்த ஒரு வாசிப்பு மறுபடி கிடைப்பது அரிது.