மார்கழிக் குளிரும் பிள்ளைகளின் வீசிங்கும்

ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து தை பிறக்கும்வரை குழந்தைகள் நல மருத்துவர்களிடம் வரும் பெற்றோர் பலரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். "பகல் பூரா நல்லா ஓடி விளையாடினான் டாக்டர். ராத்திரி படுத்ததும் இருமல். மூணு மணிக்கு மேல இழுக்க ஆரம்பிச்சிடுச்சு." நெபுலைசர் வைத்து, இழுப்பு அடங்கி, வீட்டுக்கு வந்ததும் வாழைப்பழத்துக்குத் தடை, தயிருக்குத் தடை, தலைக்குக் குளிக்கத் தடை. அன்று இரவும் அதே அறையில் கொசுவத்தி ஏற்றப்படும். மருத்துவர் எழுதித் தந்த இன்ஹேலரோ, "பழகிப் போயிடும்" என்ற பயத்தில் அலமாரியில் கிடக்கும்.

குளிரைக் கண்டு பயப்படும் வீடுகள் புகையைக் கண்டு பயப்படுவதில்லை. மருந்தைக் கண்டோ அதைவிட அதிகம் பயப்படுகின்றன. மார்கழியில் பிள்ளைகள் படும் பாட்டில் பெரும்பகுதி இங்கிருந்துதான் வருகிறது.

குளிர் செய்வதும் செய்யாததும்

மூக்கு வழியாகப் போகும் காற்று வெதுவெதுப்பாகி, ஈரம் ஏறித்தான் நுரையீரலைச் சேரும். மூக்கடைத்த பிள்ளை வாயால் மூச்சு விடும்போது குளிர்ந்த, வறண்ட காற்று நேராக உள்ளே இறங்குகிறது. ஆஸ்துமா உள்ள மூச்சுக்குழாயின் உட்சுவர் ஏற்கெனவே வீங்கிச் சிவந்திருக்கும். இந்தக் காற்று பட்டதும் சுற்றியுள்ள தசை இறுகும், சளி சுரக்கும். குழாயின் விட்டம் பாதியாகக் குறைந்தால் காற்று போவதற்கான தடை 16 மடங்காகிறது. பிள்ளைகளுக்கு அந்தக் குழாயே சிறியது என்பதால் கொஞ்சம் வீங்கினாலும் பெரிய திணறலாகிவிடும். நுரையீரலின் திறன் இயல்பாகவே மிகவும் குறையும் நேரம் விடியற்காலை 4 மணியை ஒட்டியது. பெற்றோர் சொல்லும் 'மூணு மணி'க்குக் காரணம் இதுதான்.

ஆனால் ஊட்டியின் உறைபனி வேறு, சென்னையின் மார்கழி வேறு. சென்னையில் விடியலில் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அந்தக் குளிர் மட்டுமே ஒரு பிள்ளையை மருத்துவமனைக்கு அனுப்பிவிடாது. பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு வரும் ஆஸ்துமாத் தாக்குதல்களில் பெரும்பாலானவை சாதாரண ஜலதோஷ வைரஸால் தொடங்குகின்றன, அதிலும் முக்கியமாக ரைனோ வைரஸால். மழைக்கும் குளிருக்கும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு எல்லோரும் ஒரே அறையில் இருக்கும்போது அது சுலபமாகத் தொற்றுகிறது. வாழைப்பழத்துக்கும் தயிருக்கும் இதில் பங்கில்லை. குறிப்பிட்ட உணவு அந்தப் பிள்ளைக்கு ஒவ்வாமை என்று உறுதியாகியிருந்தால் ஒழிய, எதையும் நிறுத்தவேண்டியதில்லை. நிறுத்தினால் பிள்ளை மெலிவதுதான் மிச்சம்.

ஆண்டுக்கொரு முறை போடும் இன்ஃப்ளுயன்சா தடுப்பூசியை மழைக்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது.

புகைதான் பெரிய பகை

குளிர்கால விடியலில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துக் கிடக்கும். அதன்மேல் வெதுவெதுப்பான காற்று மூடிபோல் நிற்பதால் கீழே எழும் புகை மேலே போகாமல் தெருவிலேயே தேங்கும். அந்த நேரத்தில்தான் வெந்நீர் அடுப்பில் தென்னை மட்டை எரிகிறது, தெருமுனையில் குப்பையைக் கொளுத்திக் குளிர் காய்கிறார்கள். போகியன்று பழைய பாயோடு டயரும் பிளாஸ்டிக்கும் சேர்கின்றன. 2018 போகியன்று சென்னையில் விமானங்களே இறங்க முடியாத அளவுக்குப் புகை மூடியது. அதே காற்றைத்தான் நம் பிள்ளைகளும் மூச்சாக இழுத்தார்கள்.

வீட்டுக்குள் இருக்கும் புகையை நாம் புகையாகவே நினைப்பதில்லை. ஒரு கொசுவத்திச் சுருள் முழுதாக எரிந்தால் வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் வரை எரிவதற்குச் சமம் என்று 2003இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. மூடிய அறையில், தொட்டிலுக்குக் கீழே, விடியவிடிய அது எரிகிறது. கைக்குழந்தையைக் குளிப்பாட்டித் தலை காயச் சாம்பிராணி காட்டுவது பாசத்தில் செய்வதுதான், ஆனால் அந்த நுரையீரலுக்கு அது வேதனை. துண்டால் நன்றாகத் துவட்டினாலே தலை காய்ந்துவிடும். பாட்டிமார்களிடம் இதைச் சண்டையாகச் சொல்லாமல், "இவனுக்குப் புகை ஒத்துக்கலை அம்மா" என்று சொன்னால் பெரும்பாலும் கேட்டுக்கொள்வார்கள். கொசுவுக்கு வலை இருக்கிறது. அப்பா வாசலில் நின்று சிகரெட் பிடித்தாலும் அவர் சட்டையோடு அந்த நாற்றம் உள்ளே வந்துவிடும்.

இன்னொன்று, பரணிலிருந்து இறக்கும் கம்பளி. பத்து மாதம் மூட்டையில் கிடந்த கம்பளியும் தலையணையும் தூசிப்பூச்சியின் குடியிருப்பு. கொதிக்கக் காய்ச்சிய நீரில் துவைக்க முடிந்ததைத் துவைத்து, மற்றதை உதறி நல்ல வெயிலில் காயப்போட்ட பிறகே பிள்ளைக்குப் போர்த்தவேண்டும்.

இன்ஹேலர் பழகிவிடுமா?

பழகாது. இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூச்சை உடனே திறக்கும் சால்புடமால் மருந்தை எடுத்துக்கொள்வோம். சிரப்பாகக் கொடுத்தால் 5 மில்லியில் 2 மில்லிகிராம் இருக்கும். இன்ஹேலரில் ஒரு பஃப் என்பது 100 மைக்ரோகிராம், அதாவது அதில் இருபதில் ஒரு பங்கு. சிரப் வயிற்றில் இறங்கி ரத்தத்தில் கலந்து, நெஞ்சு படபடக்க, கை நடுங்க, உடம்பெல்லாம் சுற்றிவிட்டு நுரையீரலுக்கு வருகிறது. பஃப் நேராக அங்கேயே போகிறது. இருந்தும் நம் வீடுகளில் சிரப் சாதுவாகவும் இன்ஹேலர் கடைசி ஆயுதமாகவும் தெரிகின்றன.

இரண்டு வகை இன்ஹேலர்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. சால்புடமால் இழுப்பு வந்தபோது தணிப்பதற்கு. புடசோனைடு போன்றவை குழாயின் வீக்கத்தையே குறைப்பவை. மருத்துவர் தினமும் எடுக்கச் சொல்லியிருந்தால், பிள்ளை நன்றாக இருக்கும் நாளிலும் எடுக்கவேண்டும். புரட்டாசியில் "இப்போ நல்லாத்தானே இருக்கான்" என்று நிறுத்தப்பட்ட மருந்துதான் மார்கழி இரவில் பலரை ஆட்டோவில் ஏற்றுகிறது. ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதும் கலங்குகிறார்கள். நீண்ட நாள் எடுத்தால் உயரத்தில் சராசரியாக ஒரு சென்டிமீட்டர் அளவு குறையலாம் என்பது உண்மை. கட்டுப்படாத ஆஸ்துமா அதைவிடப் பெரிய இழப்பைத் தரும். மருந்தைக் குறைப்பதா, நிறுத்துவதா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

ஐந்து வயதுக்குள் ஜலதோஷத்தோடு மட்டும் வீசிங் வரும் பிள்ளைகளில் பலருக்கு வளர வளர அது நின்றுவிடும். எல்லா வீசிங்கும் ஆஸ்துமா அல்ல. அதேபோல விடாத இருமலை எல்லாம் 'பிரைமரி காம்ப்ளக்ஸ்' எனப்படும் ஆரம்பக் காசநோய் என்று எடுத்துக்கொண்டு, சரியான சோதனை இல்லாமல் மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுப்பதும் தவறு.

ஸ்பேசர் இல்லாமல் பாதிப் பயன்

பிள்ளையின் வாயில் இன்ஹேலரை நேராக வைத்து அழுத்தினால் மருந்து தொண்டையில் அப்பிக்கொள்ளும். ஸ்பேசர் என்ற அந்தக் குழல் கட்டாயம் வேண்டும், நான்கு வயதுக்குள் என்றால் முகமூடியோடு. இன்ஹேலரைக் குலுக்கி, பொருத்தி, ஒரே ஒரு பஃப் அழுத்தி, பிள்ளை நிதானமாக ஐந்தாறு முறை மூச்சு விடும்வரை எடுக்காமல் வைத்திருக்கவேண்டும். இரண்டாவது பஃப் வேண்டுமானால் மறுபடி குலுக்கி முதலிலிருந்து. ஸ்டீராய்டு என்றால் வாய் கொப்பளிக்க வேண்டும். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் அலசித் துணியால் துடைக்காமல் அப்படியே காயவிடுங்கள். துடைத்தால் உட்சுவரில் மின்னூட்டம் ஏறி மருந்து ஒட்டிக்கொள்ளும். இப்படிச் சரியாகக் கொடுத்தால் லேசான, நடுத்தரமான இழுப்புக்கு நெபுலைசர் அளவுக்கே பலன் கிடைக்கும்.

ஆவி பிடிப்பதால் மூச்சுக்குழாய் திறக்காது. சட்டி கவிழ்ந்து வெந்த பிள்ளைகள் ஏராளம். இரண்டு வயதுக்குள் நெஞ்சில் கற்பூரத் தைலம் தேய்ப்பதும் வேண்டாம்.

எப்போது ஓடவேண்டும்

இழுப்பு வந்தால் பிள்ளையை உட்காரவைத்து, மருத்துவர் சொன்ன அளவு சால்புடமால் கொடுங்கள். தேவைப்பட்டால் 20 நிமிடத்துக்கொரு முறையாக மொத்தம் மூன்று முறை. அப்படியும் அடங்காவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சட்டையைத் தூக்கிப் பாருங்கள். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவிலும் தொண்டைக்குழியிலும் தோல் உள்ளே போகிறதா? ஒரு வாக்கியத்தை முடிக்காமல் மூச்சு வாங்குகிறானா? பால் குடிக்க மறுக்கிறதா? உதடு நீலம் பாரித்தாலோ, பிள்ளை சோர்ந்து தூங்கி விழுந்தாலோ, அந்த நிமிடமே 108ஐ அழையுங்கள். கீச்சென்ற சத்தம் திடீரென்று நின்றும் பிள்ளை திணறினால் அது குணமல்ல, காற்றே போகவில்லை என்று பொருள். ஆம்புலன்ஸ் வரும்வரை பஃப் தொடரலாம்.

ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போனால் இன்ஹேலரும் ஸ்பேசரும் கைப்பையில் இருக்கட்டும், டிக்கியில் அல்ல. பள்ளியிலும் ஒன்று இருக்கவேண்டும். எங்கே இருக்கிறது, எப்படிக் கொடுப்பது என்று வகுப்பாசிரியருக்கும் விளையாட்டு ஆசிரியருக்கும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வீசிங் பிள்ளை என்று மைதானத்தின் ஓரம் உட்காரவைக்கவேண்டாம். மூக்கையும் வாயையும் மூட ஒரு மப்ளர், ஓடுவதற்கு முன் பத்து நிமிடம் மெதுவான பயிற்சி, மருத்துவர் சொல்லியிருந்தால் கால்மணி நேரம் முன்பாக இரண்டு பஃப், இவற்றோடு அவர்களும் மற்றவர்களைப் போலவே ஓடலாம்.