ஐம்பது வினாடிப் படமும் தாத்தாவின் பிஸ்கட் டின்னும்

முதலாம் ஆண்டு ஊடகவியல் வகுப்பில் அன்று நாங்கள் பார்த்த படம் ஒரு நிமிடம்கூட ஓடவில்லை. ஒரு தொழிற்சாலையின் கதவு திறக்கிறது. பெண்களும் ஆண்களும் வெளியே வருகிறார்கள். ஒரு நாய் ஓடுகிறது. ஒருவர் சைக்கிளில் போகிறார். அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

"இதைவிட நல்ல காணொளி என் கைப்பேசியில இருக்கு சார்" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. வகுப்பே சிரித்தது. சொன்னது நான்தான்.

விரிவுரையாளர் கோபப்படவில்லை. அதே படத்தை மீண்டும் ஓடவிட்டார். "இந்த முறை கூட்டத்தைப் பார்க்காதீர்கள். ஒரே ஒருவரை மட்டும் பாருங்கள்" என்றார். நான் ஒரு பெண்ணைப் பார்த்தேன். அவள் பக்கத்தில் வரும் தோழியின் பாவாடையை விளையாட்டாகப் பிடித்து இழுத்துவிட்டுப் போகிறாள். 1895-ஆம் ஆண்டு வேலை முடிந்த ஒரு பெண்ணின் குறும்பு அது. 130 ஆண்டுகளுக்குப் பிறகு பினாங்கில் உட்கார்ந்து நான் அதைப் பார்க்கிறேன். அதன் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சிரிப்புக்குக் காரணம் இயந்திரம்

அது பிரான்சின் லியோன் நகரில் லூமியேர் சகோதரர்கள் தங்கள் சொந்தத் தொழிற்சாலை வாசலில் எடுத்த படம். 1895 டிசம்பர் 28-ஆம் தேதி பாரிசில் 'கிராண்ட் கஃபே' என்ற இடத்தில் கட்டணம் வாங்கிக்கொண்டு அவர்கள் காட்டிய 10 குறும்படங்களில் இதுவும் ஒன்று.

படமெடுக்கவும், பிரதி எடுக்கவும், திரையில் காட்டவும் அவர்களிடம் இருந்தது ஒரே பெட்டி. கைப்பிடியைச் சுற்றினால் வினாடிக்குச் சுமார் 16 படங்கள் பதிவாகும். பேசும் படம் வந்த பிறகு அது வினாடிக்கு 24 ஆனது. 16-இல் எடுத்ததை 24-இல் ஓட்டினால் எல்லாரும் ஒன்றரை மடங்கு வேகமாக நடப்பார்கள். பழைய படங்களில் மனிதர்கள் பொம்மைபோல் துள்ளி நடப்பதைப் பார்த்துச் சிரிக்கிறோமே, அந்தக் குறை பெரும்பாலும் அவர்களுடையதல்ல, தவறான வேகத்தில் ஓட்டுகிற நம்முடையது.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். இந்தத் தொழிற்சாலைப் படத்துக்கு மூன்று வடிவங்கள் இருக்கின்றன. ஒன்றில் ஒரு குதிரை வண்டி வருகிறது, இன்னொன்றில் இரட்டைக் குதிரை வண்டி வருகிறது, மற்றொன்றில் குதிரையே இல்லை. அப்படியென்றால் தற்செயலாக நடந்ததை அவர்கள் பிடிக்கவில்லை; திருப்தி வரும்வரை திரும்பத் திரும்ப எடுத்திருக்கிறார்கள். இயக்கம் என்ற கலை அந்த வாசலிலேயே பிறந்துவிட்டது.

ரயில் வரும் படத்தைக் கண்டு மக்கள் அலறி ஓடினார்கள் என்ற கதையை நாம் எல்லாரும் கேட்டிருப்போம். அதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை என்கிறார்கள் வரலாற்று ஆய்வாளர்கள். அந்த முதல் காட்சியில் ரயில் படம் திரையிடப்படவே இல்லை. அழகான கதை என்பதற்காக எதையும் வரலாறு என்று நம்பிவிடக்கூடாது என்பது எனக்குக் கிடைத்த முதல் பாடம்.

நம்மவர் கதை

பாரிசில் காட்டிய ஏழே மாதத்தில், 1896 ஜூலை 7-ஆம் தேதி, அந்தப் படங்கள் பம்பாயின் வாட்சன் ஹோட்டலுக்கு வந்துவிட்டன. ஆனால் அவற்றைச் சாதாரண மக்களிடம் கொண்டு சேர்த்தவர்கள் யார்?

திருச்சியில் ரயில்வேயில் வரைவாளராக வேலை செய்த சாமிக்கண்ணு வின்சென்ட் அவர்களில் ஒருவர். 1905-இல் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரர் படம் காட்டும் கருவியோடு திருச்சிக்கு வந்தார். அவருக்கு உடல்நலம் கெட்டதால் கருவியை விற்க முன்வந்தார். வின்சென்ட் அதை வாங்கினார், வேலையை விட்டார், கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். 1914-இல் கோயம்புத்தூரில் 'வெரைட்டி ஹால்' என்ற நிரந்தரத் திரையரங்கைக் கட்டினார். அந்தச் சாலைக்கு இன்றும் அதுதான் பெயர்.

மோட்டார் உதிரிப்பாக வியாபாரியான ஆர். நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்' தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப் படம். 1931 அக்டோபர் 31-ஆம் தேதி வெளிவந்த 'காளிதாஸ்' முதல் தமிழ்ப் பேசும் படம். டி.பி. ராஜலட்சுமி அதன் கதாநாயகி. இந்த இரண்டு படங்களையும் பார்க்கலாம் என்று தேடினேன். இரண்டுமே இன்று இல்லை. ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை.

நம் நாட்டின் கதையும் இதுதான். 1930களில் சிங்கப்பூரில் எடுக்கப்பட்ட முதல் மலாய்க் கதைப் படம் 'லைலா மஜ்னுன்'. அதை இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி.எஸ். ராஜ்ஹான்ஸ். அந்தப் படமும் தொலைந்துபோனது. அதே ராஜ்ஹான்ஸ்தான் 1948-இல் புக்கிட் மெர்தாஜாமில் ஓர் இளைஞரின் பாட்டைக் கேட்டுத் திரையுலகுக்கு அழைத்துச் சென்றார். அந்த இளைஞர் நம் பினாங்கில் பிறந்த பி. ரம்லி. ரம்லி முதன்முதலில் கதாநாயகனாக நடித்த 'பக்தி' (1950) படத்தை இயக்கியவர் எல். கிருஷ்ணன் என்ற தமிழர். ரம்லி பிறந்த வீடு இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. பலமுறை அந்த வழியே போயிருக்கிறேன். ஒரு முறைகூட இறங்கிப் பார்த்ததில்லை.

தாத்தா திறந்த டின்

இடுபணிக்காக இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தபோது ஆயர் ஈத்தாம் வீட்டில் தாத்தா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருக்கு வயது 83. தொழிற்சாலைப் படத்தைக் காட்டினேன். படத்தை விட்டுவிட்டு, திரையின் மேல் மூலையையே உற்றுப் பார்த்தார்.

"புள்ளி வரலையே" என்றார்.

"என்ன புள்ளி தாத்தா?"

"ரீல் முடியப்போகுதுன்னா வலது பக்கம் மேல ஒரு புள்ளி வரும்மா. அதைப் பார்த்ததும் அடுத்த மெஷினை ஓட்டணும். தவறவிட்டா திரை வெள்ளையாயிடும், ஜனங்க விசில் அடிப்பாங்க."

தாத்தா பதினாறு வயதில் ஜார்ஜ்டவுனில் ஒரு திரையரங்கின் ஆப்பரேட்டர் அறையில் கையாளாக இருந்தார் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. சில நாள்களில் ஒரே பிரதியை இரண்டு திரையரங்குகள் பங்குபோட்டுக்கொள்ளுமாம். இங்கே ஓடி முடிந்த ரீலைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு டத்தோ கெராமாட் சாலை வழியாக அங்கே ஓட வேண்டும். ஒரு ரீல் ஓடுவது பத்து, பதினோரு நிமிடம். மழை பெய்தாலும் அதற்குள் போய்ச் சேர வேண்டும். "படத்தோட முதல் பாதியை நான் பார்த்ததே இல்லம்மா. எப்பவும் ரோட்டுலதான் இருப்பேன்" என்று சிரித்தார்.

பிறகு அலமாரி மேலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இறக்கச் சொன்னார். அறுந்த படச்சுருளை ஒட்டும்போது வெட்டிப்போட்ட துண்டுகளை அதில் சேர்த்து வைத்திருந்தாராம். மூடியைத் திறந்ததும் வினிகர் வாடை முகத்தில் அடித்தது. துண்டுகள் சுருண்டு, சுருங்கி, ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. ஒன்றை மட்டும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு பெண்ணின் முகத்தில் பாதி தெரிந்தது. மீதி பழுப்பு நிறக் கறை. "யாரு தாத்தா இது?" என்றேன். நெடுநேரம் பார்த்தார். "தெரியலையேம்மா" என்றார்.

அந்த வாடைக்கு என்ன பொருள் என்று அப்போதுதான் படித்திருந்தேன். அசிடேட் படச்சுருள் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளியாகும். வினிகரில் இருப்பதும் அதே அமிலம்தான். அதற்கு முந்தைய நைட்ரேட் சுருள்களோ எளிதில் தீப்பிடிக்கக் கூடியவை. பல படங்கள் எரிந்தன. பல படங்கள் அவற்றிலிருந்த வெள்ளிக்காக உருக்கப்பட்டன. 'காளிதாஸ்' போன்ற படங்கள் எப்படிக் காணாமல் போயிருக்கும் என்பது எங்கள் வீட்டு டின்னைப் பார்த்ததும் புரிந்தது. என் தலைக்கு மேல் இருந்த அலமாரியிலேயே இத்தனை ஆண்டுகளாக அது நடந்துகொண்டிருந்திருக்கிறது.

நம்மால் என்ன முடியும்?

சுருளைக் காப்பாற்ற முடியவில்லை. தாத்தாவின் பேச்சைக் காப்பாற்ற முடியும். அன்றிரவே கைப்பேசியில் பதிவு செய்யத் தொடங்கினேன். இதுவரை நான்கு மணி நேரப் பேச்சு சேர்ந்திருக்கிறது. சில பெயர்களை அவர் மறந்துவிடுகிறார். சில சம்பவங்களை இரண்டு விதமாகச் சொல்கிறார். இரண்டையும் அப்படியே எழுதி வைக்கிறேன்.

மாணவ நண்பர்களே, உங்களுக்கும் இது முடியும். லூமியேர் படங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு படத்தை மூன்று முறை பாருங்கள், ஒவ்வொரு முறையும் வேறொருவரைக் கவனியுங்கள். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் மின்னிலக்கத் தொகுப்பில் பழைய நாளிதழ்கள் இருக்கின்றன. அவற்றில் வந்த சினிமா விளம்பரங்களைத் தேடிப் படியுங்கள். முக்கியமாக, வீட்டில் இருக்கும் தாத்தா பாட்டியிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: நீங்கள் முதன்முதலில் படம் பார்த்தது எங்கே? தோட்டத்துத் திடலிலா, பட்டணத்துத் திரையரங்கிலா?

போன வாரம் தாத்தாவை அழைத்துக்கொண்டு அவர் வேலை செய்த இடத்துக்குப் போனேன். இப்போது அங்கே கடைகள் இருக்கின்றன. சாலையின் எதிர்ப்புறம் நின்று, ஆப்பரேட்டர் அறையின் ஜன்னல் எங்கே இருந்தது என்று விரலால் காட்டினார். அங்கிருந்து சைக்கிள் எந்தப் பக்கம் திரும்பும் என்றும் காட்டினார். நான் பதிவு செய்துகொண்டேன்.