ஞாயிற்றுக்கிழமையின் இரு கரைகள்

பாரிஸுக்கு வடமேற்கே, செய்ன் ஆற்றின் நடுவே லா கிராந்த் ஜாத் என்றொரு தீவு. அதற்கு எதிர்க்கரையில் அனியேர். 1880-களில் ஞாயிறு பிறந்தால் நகரத்து ஜனம் இங்கே வந்து இறங்கும். ஜார்ஜ் சூரா என்ற இளம் ஓவியர் கரைக்கொன்றாக இரண்டு பெரிய ஓவியங்கள் தீட்டினார்.

அனியேர் கரையில் உழைப்பாளிகள். சட்டையையும் பூட்ஸையும் கழற்றிப் போட்டுவிட்டு ஆற்றில் இறங்கிய பையன்கள். புல்லில் சாய்ந்து கிடக்கும் ஒருவர், பக்கத்தில் அவருடைய நாய். தொலைவில் கிளிஷி ஆலைகளின் புகைபோக்கிகள். தீவுக் கரையில் குடையும் தொப்பியுமாக வசதி படைத்தவர்களே மிகுதி. ஒரு சீமாட்டி கயிற்றில் கட்டிய குரங்கோடு நிற்கிறாள். அங்கேயும் கையில்லாச் சட்டையும் வாயில் பைப்புமாக ஓர் ஆள் முன்வரிசையில் சாவகாசமாகச் சாய்ந்திருக்கிறான்.

இரண்டு ஓவியங்களும் ஏறத்தாழ 2 மீட்டர் உயரம், 3 மீட்டர் அகலம். அன்றைய பிரான்சில் போர்க்களங்களுக்கும் புராணங்களுக்கும் உரிய அளவு அது. அனியேர் ஓவியத்தை 1884-ல் பாரிஸின் பெரிய ஓவியக் கண்காட்சியான சலோன் ஏற்க மறுத்தது. சும்மா உட்கார்ந்திருக்கும் தொழிலாளிக்கு மாவீரனின் அளவைக் கொடுத்ததுதான் சூராவின் துணிச்சல். அவரைப் புகழ்பெறச் செய்த, வண்ணப் புள்ளிகளால் தீட்டும் உத்தியைவிட எனக்கு இதுவே பெரிது.

ஏனெனில் அந்த ஓய்வுக்கு அன்று சட்டக் காவல் இல்லை. ஞாயிறு ஓய்வைக் கட்டாயமாக்கிய 1814-ஆம் ஆண்டுச் சட்டத்தை 1880-ல் நீக்கிவிட்டார்கள். முதலாளி மனது வைத்தால்தான் விடுமுறை. 1906 மார்ச்சில் கூர்ரியேர் நிலக்கரிச் சுரங்க வெடிப்பு 1,099 உயிர்களைப் பறித்தது. அதைத் தொடர்ந்து வேலைநிறுத்தங்கள் வெடித்தன. அந்த ஆண்டு ஜூலையில் வார ஓய்வு சட்டமானது. 1936-ல் இரண்டு வாரச் சம்பள விடுமுறை வந்தது. இன்று அது ஐந்து வாரம். 1891-ல், 31 வயதில் மறைந்த சூரா இவற்றில் எதையும் பார்க்கவில்லை.

இன்று அனியேர் ஓவியம் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. தீவு ஓவியம் 1926 முதல் சிகாகோவில். ஆற்றின் அகலம் மட்டுமே பிரித்திருந்த கரைகளுக்கு நடுவே ஒரு சமுத்திரம். தீவு ஓவியத்தில் சூரா நம்பி வைத்த துத்தநாக மஞ்சள் பழுப்பேறி, புல்வெளியின் வெயில் மங்கிவிட்டது. நிஜத் தீவிலோ இப்போது வசதி படைத்தோரின் அடுக்குமாடிகள். பாரிஸில் ஆற்றுக் குளியலுக்கு 1923-ல் தடை விழுந்தது. பெருஞ்செலவில் ஆற்றைச் சுத்தப்படுத்தி, 2025 ஜூலையில்தான் நகருக்குள் மூன்று இடங்களில் பொதுமக்களை மீண்டும் இறங்க விட்டார்கள்.

ஆறு திரும்பக் கிடைக்கும் காலத்தில் ஞாயிறு கைநழுவுகிறது. ஆண்டுக்கு 5 ஞாயிறுகள் கடை திறக்க அனுமதிக்கலாம் என்றிருந்த மேயர்களின் அதிகாரத்தை 2015-ஆம் ஆண்டுச் சட்டம் 12 ஆக்கியது. ஒருவர் உலாவ, இன்னொருவர் கல்லாவில் நிற்க வேண்டியிருக்கிறது. அவருக்கு ஈடாக வேறொரு நாள் கிடைக்கலாம். ஊரோடு சேர்ந்து இளைப்பாறும் நாள் கிடைக்காது. சூராவின் மனிதர்கள் ஒருவரோடொருவர் பேசவில்லை, ஆனால் ஒரே பொழுதில் ஒரே ஆற்றங்கரையில் இருக்கிறார்கள். பணம் உள்ளவர் தனியாக ஓய்வெடுக்க எப்போதும் வழி உண்டு. இல்லாதவருக்குப் பொதுவான நாளும் பொதுவான கரையும் வேண்டும். அரும்பாடுபட்டுப் பெற்ற அந்த இரண்டையும் விட்டுக்கொடுக்கக் கூடாது.